ஐ5-14400எஃப்-ஆ, ரைசன் 5 7600-ஆ? சிப் விலையை மட்டும் பார்க்காதீங்க, இந்தக் கணக்கைப் போடுங்க



வேலைக்குச் சேர்ந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகுது. கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு. காலேஜ்ல இருந்தே மனசுல இருந்த கேமிங் பிசியை இப்போ அசெம்பிள் பண்ணிடலாம்னு உட்கார்றீங்க. கேபினட், எஸ்எஸ்டி எல்லாம் சுலபமா முடிவாயிடும். பிராசஸர்கிட்ட வந்ததும் வண்டி நின்னுடும். ஒரு பக்கம் இன்டெல், இன்னொரு பக்கம் ஏஎம்டி. விலை கிட்டத்தட்ட பக்கத்துல பக்கத்துல. நண்பர்கள்ல பாதிப் பேர் இது, பாதிப் பேர் அது.

நான் ஹார்ட்வேர் ரிவ்யூ பண்றவன் இல்ல, ஆடிட்டர். அதனால இந்தக் கேள்வியை ஒரு மூலதனச் செலவு முடிவா எடுத்துக்கிட்டுப் பார்க்கப் போறோம். ஒரு கம்பெனி மெஷின் வாங்கும்போது போடுற அதே கணக்குதான். கடைசியில உங்களுக்கு எது சரின்னு நீங்களே சொல்ற மாதிரி ஒரு எண் கையில கிடைக்கும்.

உதாரணத்துக்கு ரெண்டு பிராசஸரை எடுத்துக்குவோம். கோர் ஐ5-14400எஃப், ரைசன் 5 7600. நடுத்தர பட்ஜெட்ல நேருக்கு நேர் நிக்கிற ஜோடி இது. மாடல் பெயர் நாளைக்கு மாறலாம், கணக்கு மாறாது.

முதல்ல, ரெண்டும் என்னன்னு தெரிஞ்சுக்குவோம்

ரைசன் 5 7600, 2023 ஜனவரியில் வந்தது. 6 கோர், 12 திரெட். 32 எம்பி எல்3 கேஷ். ஏஎம்5 சாக்கெட்ல உட்காரும். டிடிஆர்5 ராம் மட்டும்தான் போட முடியும். சின்ன அளவுல ஒரு உள் கிராபிக்ஸ் உண்டு. கேம் ஆட அது போதாது. ஆனா கிராபிக்ஸ் கார்டு சர்வீஸுக்குப் போன நாள்ல மானிட்டர்ல படம் வரும், ஆபீஸ் வேலை ஓடும்.

ஐ5-14400எஃப், 2024 ஜனவரியில் வந்தது. 6 பெரிய கோர், 4 சின்ன கோர், ஆக 10 கோர், 16 திரெட். 20 எம்பி எல்3 கேஷ். எல்ஜிஏ1700 சாக்கெட். போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5, ரெண்டுல எது வேணும்னாலும் போடலாம். பெயர் கடைசியில இருக்கிற 'எஃப்'-க்கு உள் கிராபிக்ஸ் கிடையாதுன்னு அர்த்தம். கிராபிக்ஸ் கார்டு இல்லாம இந்த மெஷின்ல படமே வராது.

இங்கேயே ஒரு சின்ன சேமிப்பு இருக்கு. முந்தைய வருஷம் வந்த ஐ5-13400எஃப்-ம் இதே 10 கோர் அமைப்புதான். அதிகபட்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ், 14400எஃப்-க்கு 4.7. வித்தியாசம் அவ்வளவுதான். கடையில 13400எஃப் ஆயிரம் ரூபாய் குறைவா கிடைச்சா யோசிக்காம அதையே எடுத்துக்கலாம்.

பொதுவா சொன்னா, கேம்ல 7600 ஒரு படி முன்னாடி இருக்கும். வீடியோ ரெண்டரிங் மாதிரி எல்லா கோரையும் ஒண்ணா வேலை வாங்குற இடத்துல 14400எஃப் கொஞ்சம் முன்னாடி இருக்கும். ஆனா இந்த "ஒரு படி" உங்க வீட்டுல தெரியுமா? அதுதான் அடுத்த கேள்வி.

ரிவ்யூல தெரியுற வித்தியாசம் வீட்டுல ஏன் தெரியறதில்ல?

ஒரு ஆபீஸ்ல ஒருத்தர் வவுச்சர் எழுதுறார், மேனேஜர் கையெழுத்துப் போடுறார்னு வெச்சுக்குங்க. எழுதுறவர் ஒரு மணி நேரத்துல 160 வவுச்சர் தயார் பண்ணுவார். மேனேஜர் 90-ல தான் கையெழுத்துப் போடுவார். வெளியே வர்றது எத்தனை? 90. எழுதுறவரை மாத்திட்டு 180 எழுதுற ஆளைப் போட்டாலும் அதே 90 தான்.

கேம்லயும் இதே கதைதான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எதிரி எங்க நிக்கிறான், குண்டு எங்க போகுதுன்னு கணக்குப் போட்டுத் தயார் பண்றது பிராசஸர். அதைப் படமா வரையறது கிராபிக்ஸ் கார்டு. ரெண்டுல யார் மெதுவோ, அவங்க வேகம்தான் உங்க திரையில வரும்.

ரிவ்யூ பண்றவங்க பிராசஸரோட வித்தியாசத்தைத் தனியா பிரிச்சுக் காட்டணும். அதனால சந்தையிலயே பெரிய கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, 1080பி-யில ஓட்டிப் பார்ப்பாங்க. கார்டு தடையா இல்லாததால பிராசஸரோட முழு வேகமும் தெரியும். சோதனைக்கு அது சரியான முறை. ஆனா நீங்க போடப்போறது ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி நடுத்தரக் கார்டு. சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேமை நல்ல செட்டிங்ல ஓட்டினா, மெதுவான ஆள் கார்டுதான். ரெண்டு பிராசஸரும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையைத்தான் காட்டும்.

வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி கேம்கள்ல நிலைமை தலைகீழ். படம் லேசானது, கார்டு சுலபமா வரைஞ்சிடும். அங்க பிராசஸர் எவ்வளவு வேகமோ அவ்வளவு ஃபிரேம். ஆனா அந்த ஃபிரேமைக் காட்ட மானிட்டர் வேணும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு செகண்டுக்கு 60 தடவைதான் திரையைப் புதுப்பிக்கும். 144 ஹெர்ட்ஸோ அதுக்கு மேலயோ இருந்தாதான் நீங்க கொடுத்த காசு கண்ணுக்குத் தெரியும்.

அதனால பிராசஸருக்கு முன்னாடி ரெண்டு விஷயத்தை எழுதி வெச்சுக்குங்க. நான் அதிகமா ஆடுற கேம் எது? என் மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்?

சிப்போட விலை பாதி உண்மைதான்

பிராசஸரைத் தனியா வாங்கி மேஜை மேல வெச்சா ஒண்ணும் நடக்காது. அதுக்கு ஏத்த மதர்போர்டு வேணும், அந்தப் போர்டுக்கு ஏத்த ராம் வேணும். இந்த மூணும் சேர்ந்ததுதான் ஒரு செட். ஒப்பிட வேண்டியது செட்டோட விலையை.

கீழ இருக்கிறது கணக்கு புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட வட்ட எண்கள். இன்னிக்குக் கடை விலை இது கிடையாது. உங்க கொட்டேஷன்ல இருக்கிற எண்ணை இதே இடத்துல போட்டுக்குங்க.

இன்டெல் செட்:
- ஐ5-14400எஃப்: ரூ. 14,000
- பி760 போர்டு, டிடிஆர்4: ரூ. 11,000
- 16 ஜிபி டிடிஆர்4 ராம்: ரூ. 7,000
- மொத்தம்: ரூ. 32,000

ஏஎம்டி செட்:
- ரைசன் 5 7600: ரூ. 17,000
- பி650 போர்டு: ரூ. 14,000
- 16 ஜிபி டிடிஆர்5 ராம்: ரூ. 9,000
- மொத்தம்: ரூ. 40,000

சிப்ல வித்தியாசம் 3,000. செட்ல வித்தியாசம் 8,000. "மூவாயிரம்தானே, நல்லதா எடுத்துடலாம்"னு ஆரம்பிக்கிறவங்க பில் போடும்போது முழிக்கிறது இதனாலதான். ராம் விலை நிலையா இருக்கிற பொருளும் கிடையாது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவை கூடினதால 2025 கடைசியில ராம் விலை உலகம் முழுக்க ஏறிச்சு. போன வருஷம் பார்த்த வீடியோவுல இருக்கிற விலையை நம்பி பட்ஜெட் போடாதீங்க.

அந்த 8,000 எதுக்கு?

ஏஎம்டி செட்டுக்கு நீங்க கூடுதலா கொடுக்கிற 8,000-ல ஒரு பகுதி இன்னிக்குக் கிடைக்கிற வேகத்துக்கு. மீதி ஒரு உரிமைக்கு. நாளைக்கு போர்டையும் ராமையும் மாத்தாம பிராசஸரை மட்டும் மாத்திக்கிற உரிமை.

எல்ஜிஏ1700 சாக்கெட்ல இன்டெல்லோட 12, 13, 14-ம் தலைமுறை வந்தது. 2024 அக்டோபர்ல வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை எல்ஜிஏ1851-க்குப் போயிடுச்சு. அதாவது 14400எஃப் வாங்குறவர் கடைசி ஸ்டேஷன்ல வண்டி ஏறுறார்.

ஏஎம்5 சாக்கெட் 2022-ல வந்தது. 7000 வரிசை, 2024-ல 9000 வரிசை, நடுவுல கேமுக்குன்னே பெரிய கேஷ் வெச்ச 7800எக்ஸ்3டி, அப்புறம் 9800எக்ஸ்3டி எல்லாம் இதே சாக்கெட்தான். 2027-க்கும் அதுக்கு அப்புறமும் ஆதரவு தொடரும்னு ஏஎம்டி அறிவிச்சிருக்கு. முந்தைய ஏஎம்4-ல இது வெறும் பேச்சா போகல. 2018-ல வந்த பி450 போர்டுல பயாஸ் அப்டேட் பண்ணி 2022-ல வந்த ரைசன் 5 5600-ஐப் போட முடிஞ்சுது.

ஆக, உரிமை நிஜம்தான். ஆனா உரிமைக்கு மதிப்பு வர்றது பயன்படுத்தினா மட்டும்தான். ஜிம்முக்கு வருஷ சந்தா கட்டுற மாதிரி. தினமும் போறவருக்கு லாபம். ஜனவரியில நாலு நாள் போனவருக்கு அது வெறும் செலவு. ஷேர் மார்க்கெட் பக்கம் போறவங்களுக்கு இன்னும் சுலபமா புரியும். இது ஆப்ஷன் பிரீமியம். எக்ஸ்பைரிக்குள்ள பயன்படுத்தலைன்னா பிரீமியம் போயே போச்சு.

இப்போ எண்ணைப் போடுவோம்

நாலு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் புது பிராசஸருக்கு மாறுறாங்கன்னு வெச்சுக்குவோம். அன்னிக்குப் புது பிராசஸர் 20,000.

ஏஎம்டி செட் வெச்சிருக்கிறவர் பிராசஸரை மட்டும் வாங்குறார். பழையதை 5,000-க்கு விக்கிறார். கையிலிருந்து போறது 15,000.

இன்டெல் செட் வெச்சிருக்கிறவர் பிராசஸர் 20,000, போர்டு 14,000, ராம் 9,000, ஆக 43,000 செலவு பண்றார். பழைய செட்டை 10,000-க்கு விக்கிறார். கையிலிருந்து போறது 33,000.

வித்தியாசம் 18,000. "அப்போ ஏஎம்டி தான்!"னு முடிச்சுடாதீங்க. அந்த 18,000 நாலு வருஷம் கழிச்சு வர்ற மிச்சம். 8,000 இன்னிக்கே போகுது. அந்த 8,000-ஐ வருஷத்துக்கு 7% வட்டி தர்ற இடத்துல போட்டு வெச்சிருந்தா நாலு வருஷத்துல ஏறக்குறைய 10,500 ஆகியிருக்கும்.

அதனால சரியான ஒப்பீடு 10,500-க்கும் 18,000-க்கும். 10,500-ஐ 18,000-ஆல வகுத்தா 58% வருது. உங்க முடிவுக்கான எண் இதுதான்.

அர்த்தம் என்னன்னா, நீங்க நிஜமாவே நாலு வருஷத்துக்குள்ள அதே போர்டுல பிராசஸரை மட்டும் மாத்துவீங்கன்றதுக்குப் பத்துக்கு ஆறு பங்குக்கு மேல வாய்ப்பு இருந்தா ஏஎம்டி செட் லாபம். அதுக்குக் கீழன்னா, அப்கிரேட்ங்கிற காரணத்துக்காக மட்டும் 8,000 கூடுதலா கொடுக்கிறது நஷ்டம்.

செட் வித்தியாசம் மாறினா இந்த எண்ணும் மாறும். வித்தியாசம் 4,000-ஆ குறைஞ்சா 29% வாய்ப்பு இருந்தாலே போதும், ஏஎம்டி-யை எடுத்துடலாம். வித்தியாசம் 12,000-ஆ போனா 87% வேணும். அவ்வளவு உறுதியா நாலு வருஷம் கழிச்சு நடக்கப் போறதை யாரும் சொல்ல முடியாது. "ஏஎம்டி நல்லதா, இன்டெல் நல்லதா"ன்னு கேட்டா ஒரே பதில் கிடைக்காததுக்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு வாரமும் கடை விலை மாறும்போது பதிலும் மாறும்.

இன்டெல் பக்கம் ஒரு நியாயத்தையும் சொல்லணும். சாக்கெட் முடிஞ்சு போச்சேன்னாலும் மேல ஏற இடமே இல்லைன்னு கிடையாது. அதே போர்டுல பின்னாடி ஐ5-14600கே, ஐ7-14700 மாதிரி பெரிய சிப்பை செகண்ட் ஹேண்ட்ல போடலாம். அது உங்களுக்குப் போதும்னா 18,000 வித்தியாசம் இன்னும் சுருங்கும். ரெண்டு எச்சரிக்கை மட்டும். விலை குறைஞ்ச எச்610 போர்டுகள்ல மின்சாரம் கொடுக்கிற பகுதி பெரிய சிப்புக்குத் தாங்காம போகலாம். அப்புறம், 13, 14-ம் தலைமுறையோட மேல்மட்ட சிப்கள் சிலதுல வோல்டேஜ் காரணமா நிலையில்லாம போற குறை 2024-ல பெரிய செய்தியாச்சு. இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் கொடுத்து, பாதிக்கப்பட்ட மாடல்களோட வாரன்டியை 2 வருஷம் நீட்டிச்சது. ஐ5 வரிசையில 13600கே, 14600கே அந்தப் பட்டியல்ல வரும், 14400எஃப் வராது. செகண்ட் ஹேண்ட்ல பெரிய சிப் வாங்கினா பில், வாரன்டி பாக்கி, பயாஸ் அப்டேட் மூணையும் பாருங்க.

58%-க்கு நீங்க மேலயா, கீழயா?

இதுக்கு உங்க ஆசையைக் கேட்காதீங்க, பழைய நடவடிக்கையைக் கேளுங்க. ஆடிட்ல நாங்க பண்றதும் அதுதான். பிளான் என்னன்னு கேட்கிறதுக்கு முன்னாடி லெட்ஜரைப் பார்ப்போம்.

- கடைசியா வெச்சிருந்த லேப்டாப்லயோ பிசியிலயோ ராம், எஸ்எஸ்டி ஏதாவது மாத்தியிருக்கீங்களா?
- கேபினட்டை நீங்களே திறந்து தூசி தட்டியிருக்கீங்களா?
- போனை எத்தனை வருஷம் வெச்சிருக்கீங்க? வேலை செய்யாம போற வரைக்கும் ஓட்டுற ஆளா, ரெண்டு வருஷத்துல மாத்துற ஆளா?
- நாலு வருஷம் கழிச்சு இதே ஊர்ல இருப்பீங்களா? ஆன்சைட், கல்யாணம், வீட்டுக் கடன் எதுவும் வரிசையில நிக்குதா?

முதல் ரெண்டு கேள்விக்கும் "ஆமா"ன்னா நீங்க அப்கிரேட் பண்ற ஜாதி. "வாங்கினா அஞ்சாறு வருஷம் அப்படியே ஓட்டுவேன்"னா, உங்களுக்கு அந்த உரிமை தேவையில்ல.

அதே 8,000-க்கு வேற என்ன கிடைக்கும்?

எந்தச் செலவுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கணும். கேமிங் பிசியில பதில் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு.

உதாரணம், 2025 ஜூன்ல வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. அது 8 ஜிபி, 16 ஜிபின்னு ரெண்டு அளவுல வந்தது. அமெரிக்காவுல அறிமுக விலை 299 டாலர், 349 டாலர். அதாவது 50 டாலர் வித்தியாசத்துல மெமரி ரெண்டு மடங்கு. புது கேம்கள்ல டெக்ஸ்ச்சர் செட்டிங்கை ஏத்தினா 8 ஜிபி திணற ஆரம்பிச்சிருக்கு. வாங்கின பிசியை அஞ்சு வருஷம் மாத்தாம ஓட்டப் போறவருக்கு, பிராசஸர் செட்ல மிச்சமாகிற பணம் இங்க போனா பலன் அதிகம்.

மானிட்டர் இன்னும் 60 ஹெர்ட்ஸ்லயே இருந்தா, அந்தப் பணம் 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குப் போகட்டும். தினமும் கண்ணுக்குத் தெரியுற மாற்றம் அது.

கரண்ட் பில்லைப் பத்தி நிறைய பேருக்குக் கவலை. ரெண்டு சிப்புக்கும் அடிப்படை மின் அளவு 65 வாட் தான். முழு வேகத்துல போகும்போது 14400எஃப் கூடுதலா இழுக்கும். 40 வாட் வித்தியாசம், தினமும் 3 மணி நேரம்னு வெச்சாலும் ரெண்டு மாசத்துக்கு 7 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. யூனிட் 8 ரூபாய்னா 60 ரூபாய்க்குள்ள. இதை வெச்சு பிராண்டை முடிவு பண்ண வேண்டாம்.

ஏற்கெனவே ஏஎம்4 போர்டு இருக்கா? ஒரு நிமிஷம் நில்லுங்க

வீட்டுல பி450, பி550 போர்டும் பழைய ரைசனும் இருக்கிறவங்க இந்த ரெண்டு செட்டையுமே வாங்க வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே உரிமை கையில இருக்கு, பிரீமியம் கட்டியாச்சு. பயாஸ் அப்டேட் பண்ணி ரைசன் 5 5600 போட்டா போதும். 6 கோர், 12 திரெட், 32 எம்பி கேஷ். போர்டும் ராமும் அப்படியே.

பெயரை மட்டும் கவனமா படிங்க. 5500, 5600ஜி ரெண்டும் கேட்கிறதுக்கு 5600 மாதிரியே இருக்கும். ஆனா கேஷ் 16 எம்பி தான், பிசிஐஇ-யும் பழைய 3.0. 500 ரூபாய் குறைவுன்னு கடைக்காரர் மாத்திக் கொடுத்தா வாங்காதீங்க.

"நோ காஸ்ட்" இஎம்ஐ-யில காஸ்ட் எங்க இருக்கு?

2013-லேயே ரிசர்வ் வங்கி, ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையாது, வட்டியை மறைக்கக் கூடாதுன்னு வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. அதனால இப்போ நடக்கிறது என்னன்னா, வட்டிக்குச் சமமான தொகையை டிஸ்கவுன்ட்டா கழிச்சுட்டு, வங்கி அந்த வட்டியை உங்ககிட்ட வசூல் பண்ணும். வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையில.

முழு பிசி 84,000, 12 மாசம், மாசம் 7,000, வங்கி வட்டி வருஷத்துக்கு 15%னு வெச்சுக்குவோம். இந்த 84,000-க்குள்ள ஒளிஞ்சிருக்கிற வட்டி ஏறக்குறைய 6,445. அதுக்கு ஜிஎஸ்டி 1,160. பிராசஸிங் கட்டணம் 199-ம் அதுக்கு ஜிஎஸ்டியும் சேர்த்தா 235. ஆக ஏறக்குறைய 1,400 ரூபாய். பெரிய தொகை இல்லதான், ஆனா சைபர் கிடையாது. அதோட, மொத்தமா கொடுத்தா கிடைக்கிற கேஷ் டிஸ்கவுன்ட்டும் போயிடும். ரெண்டு விலையையும் கேட்டு எழுதி வாங்கிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

உண்மையான ஆபத்து இஎம்ஐ இல்ல. கார்டுல தேய்ச்சுட்டு மினிமம் டியூ மட்டும் கட்டுறது. மாசத்துக்கு 3.5% வட்டின்னா, அந்த 8,000 கூடுதல் தொகையை மட்டும் ஒரு வருஷம் இழுத்தாலே வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்த்து ஏறக்குறைய 4,000 ஆகும். இதை வட்டிக்கு வட்டி சேர்க்காம சொல்றேன். 8,000 வித்தியாசம் 12,000 ஆயிடுச்சு. மேல போட்ட கணக்குல 12,000-க்கு எத்தனை சதவீதம் வேணும்னு பார்த்தோம். 87%. முடிவே தலைகீழா மாறிடுச்சு. கடன்ல வாங்குறவருக்கும் சேமிப்புல வாங்குறவருக்கும் ஒரே பிராசஸர் சரியா வராது.

இதுக்கு வரிச் சலுகை உண்டா?

சம்பளம் மட்டும் வருமானம்னா கிடையாது. வீட்டுல இருந்து வேலை பார்த்தாலும் நீங்க வாங்குற பிசியை சம்பளத்துல இருந்து கழிக்க வழியில்ல. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், புது முறையில 75,000, பழைய முறையில 50,000. அதோட சரி.

ஃப்ரீலான்ஸ், வீடியோ எடிட்டிங், ஸ்ட்ரீமிங்னு தொழில் வருமானம் தனியா காட்டுறவங்களுக்கு வழி உண்டு. கம்ப்யூட்டருக்கு தேய்மானம் 40%. 84,000 பிசி, பாதி நேரம் தொழிலுக்கு, பாதி நேரம் கேமுக்குன்னா, முதல் வருஷம் 33,600-ல பாதி, அதாவது 16,800 செலவாக் காட்டலாம். 20% வரி வரம்புல இருக்கிறவருக்கு செஸ் சேர்த்து மிச்சம் ஏறக்குறைய 3,500. நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா அதுவும் பாதியாயிடும். அதாவது அக்டோபர் முதல் வாரம் தாண்டி வாங்கினா அந்த வருஷம் 20% தான். உத்தேச வருமான முறையில ரிட்டர்ன் போடுறவங்க தேய்மானத்தைத் தனியா கழிக்க முடியாது. ஜிஎஸ்டி பதிவு வெச்சிருந்தா தொழிலுக்குப் பயன்படுற பங்குக்கு மட்டும் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். வரவு எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானமும் சேர்த்துக் கேட்கக் கூடாது.

எடிட்டிங் பண்றவங்களுக்கு ஒரு குறிப்பு. இன்டெல்லோட குவிக் சின்க் வசதி உள் கிராபிக்ஸோட சேர்ந்து வர்றது. 'எஃப்' மாடல்ல அது இருக்காது. அது வேணும்னா கொஞ்சம் கூடக் கொடுத்து எஃப் இல்லாத 14400-ஐ எடுங்க.

கடைக்குப் போறப்போ

ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும் இதை மட்டும் விடாதீங்க.

- கொட்டேஷனை செட் விலையா வாங்குங்க. ஒரே நாள்ல மூணு கடை.
- பாக்ஸ் பீஸா, டிரே பீஸான்னு கேளுங்க. டிரேன்னா பெட்டி, கூலர் இருக்காது. கம்பெனியோட 3 வருஷ வாரன்டியும் இல்லாம, கடை கொடுக்கிற வாரன்டிதான் இருக்கும். 7600, 14400எஃப் ரெண்டுக்குமே பாக்ஸ்ல கூலர் வரும். டிரே வாங்கினா கூலர் விலையைக் கூட்டிக்குங்க.
- சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கட்டாயம். "பில் வேணாம்னா 18% குறைக்கிறேன்"னு சொன்னா, நீங்க வித்துட்டு வர்றது உங்க வாரன்டியைத்தான்.
- 16 ஜிபி ராமை ஒரே குச்சியா வாங்காம 8 ஜிபி ரெண்டா வாங்குங்க. கேம்ல வேகம் கூடும்.
- பழைய ஸ்டாக் பி660, பி760 போர்டுன்னா, 14-ம் தலைமுறைக்கு பயாஸ் அப்டேட் பண்ணியாச்சான்னு கேட்டுட்டுப் பணம் கொடுங்க.

ஆக, யாருக்கு எது?

ஏஎம்4 போர்டு இருக்கா? ரைசன் 5 5600. மீதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கு.

மானிட்டர் 60 அல்லது 75 ஹெர்ட்ஸ், கதை சொல்ற பெரிய கேம்கள், வாங்கினா அஞ்சு வருஷம் மாத்த மாட்டேன். உங்களுக்கு 13400எஃப் அல்லது 14400எஃப், டிடிஆர்4 போர்டு. மிச்சமாகிறது கார்டுக்கு.

144 ஹெர்ட்ஸுக்கு மேல, போட்டி கேம்கள், கேபினட் திறந்து மாத்துற பழக்கம் இருக்கு, காசும் சேமிப்புல இருந்து போகுது. ரைசன் 5 7600 தாராளமா எடுங்க. பி650-ல ஒழுங்கான போர்டா பார்த்து எடுங்க, உரிமையைத் தாங்கப் போறது அந்தப் போர்டுதான்.

மூணு மாசச் செலவுக்கு அவசர நிதி இன்னும் சேரல, பிசி விலை ஒரு மாசக் கைச் சம்பளத்தைத் தாண்டுது. உங்களுக்கு இன்னும் எந்த பிராசஸரும் இல்ல. ஆறு மாசத்துக்கு ஆர்டி போடுங்க. அதுக்குள்ள சிப் எங்கயும் ஓடிப் போகாது, புதுசு வந்தா பழசு விலை இறங்கவும் செய்யலாம்.

இந்த வாரம் மூணு கடையில செட் விலை வாங்குங்க. வித்தியாசத்தை 1.31-ஆல பெருக்குங்க, அது நாலு வருஷ வட்டிக்கு. அதை, பின்னாடி மிச்சமாகும்னு நினைக்கிற தொகையால வகுங்க. வர்ற சதவீதத்தைப் பார்த்து "நான் அவ்வளவு உறுதியா மாத்துவேனா?"ன்னு உங்களையே கேட்டுட்டு பில் போடுங்க.